கேம்பர் வேன் பின்னாடி மாருதி 800-ஐ கட்டி இழுத்துட்டு போலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

திருவொற்றியூர் வேன்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப தான் முதல் தடவையா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம் ஒரு சந்துல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு செகண்ட் ஹேண்ட் ஃபோர்ஸ் டிராவலர் வாங்கி, சீட்டெல்லாம் கழட்டிட்டு ரெண்டு கட்டில், சின்னதா ஒரு சிங்க், 100 லிட்டர் தண்ணி டேங்க், ஒரு டாய்லெட்னு வெச்சு கேம்பரா மாத்துனேன், ஆர்.சி.லயும் ஏத்தியாச்சு. முழுக்க முழுக்க எங்கம்மாவுக்காக பண்ணது. வயசு 71, ரெண்டு முட்டியும் போச்சு, பஸ் ரயில்ல ஏத்தி இறக்க முடியல, வழியில பாத்ரூம் பெரிய பிரச்சனை. வேன்ல படுத்துக்கிட்டே வருவாங்க, முகத்துல ஒரு தெளிவு இருக்கும், அதை பாக்குறப்ப செலவு பண்ண காசு நெனப்புக்கே வராது.

இப்ப சிக்கல் என்னன்னா, கோயில் ஊருங்கள்ல வேன் உள்ள போகாது. போன ஆடியில கும்பகோணம் பக்கம் போனப்ப வண்டிய ஊருக்கு வெளிய நிறுத்திட்டு ஆட்டோ புடிச்சோம், அம்மாவால ஆட்டோல கால மடக்கி உக்கார முடியல, ரெண்டு கோயில் பாத்துட்டு மூணாவதுக்கு வேணாம்பா நீ போயிட்டு வான்னு வேன்லயே உக்காந்துட்டாங்க. அதே அம்மா எங்கப்பாவோட 1998 மாருதி 800-ல முன் சீட்டை நல்லா பின்னாடி தள்ளி விட்டா சவுரியமா கால நீட்டி உக்காருவாங்க. அப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு, வண்டிய நான் விக்கல, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்கு அதுல தான் கூட்டிட்டு போறேன்.

யூடியூப்ல அமெரிக்காக்காரங்க பஸ் சைஸ் மோட்டார் ஹோம் பின்னாடி சின்ன காரை ஒரு இரும்பு பார்ல மாட்டி, நாலு சக்கரமும் ரோட்டுல ஓட, உள்ள ஆளே இல்லாம இழுத்துட்டு போறாங்க, போன இடத்துல கழட்டி ஊர் சுத்துறாங்க. இதையே நாம பண்ணா என்னன்னு தோணுச்சு. மணலியில ஒரு வெல்டிங் பட்டறையில கேட்டேன், அந்த மாதிரி ஏ ஷேப்ல பார் அடிச்சு 800 முன்னாடி பிராக்கெட் வெச்சு தரேன், 12 ஆயிரம் ஆகும்னாங்க. தைப்பொங்கலுக்கு அப்புறம் அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிட்டு போகணும், அது அப்பா சொல்லி சொல்லி நடக்காம போன பயணம்.

நியூட்ரல்ல போட்டு 600 கிலோமீட்டர் இழுத்தா கியர்பாக்ஸ் தாங்குமா, பிரேக் என்ன ஆகும், போலீஸ் புடிப்பாங்களா, இதை யாராச்சும் பண்ணியிருக்கீங்களா? அட்வான்ஸ் இன்னும் குடுக்கல.


கொருக்குப்பேட்டை ஷெட்:

அண்ணே வணக்கம். கியர்பாக்ஸ் கேள்விய முதல்ல முடிச்சிடுறேன், ஏன்னா அது தான் இருக்குறதுலயே சின்ன பிரச்சனை.

800 மேனுவல் கியர், முன் சக்கர இழுவை. நியூட்ரல்ல போட்டு இழுத்தா சக்கரம் ஆக்ஸில சுத்தும், ஆக்ஸில் டிஃபரன்ஷியல்ல இருக்குற பெரிய பல்சக்கரத்தை சுத்தும், அது பாதி ஆயில்லயே முங்கி கெடக்குறதால சுத்த சுத்த ஆயிலை தானா வாரி அடிச்சுக்கும். ஆயில் லெவல் சரியா இருந்து, ஆக்ஸில் சீல் கசியாம இருந்தா தாங்கும். ஆட்டோமேட்டிக்னா கதையே வேற. அதுல ஆயிலை சுத்த விடுற பம்ப் இன்ஜின் ஓடுனா தான் ஓடும், இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு இழுத்தா உள்ள எல்லாம் காஞ்சு போய் சுத்தி எரிஞ்சிடும், பெல்ட்ல ஓடுற ஆட்டோமேட்டிக்கான சி.வி.டி.யும் அப்படி தான். ஏ.எம்.டி, அதாவது மேனுவல் கியரையே தானா மாத்திக்குற வண்டி, சில நேரம் ஆஃப் பண்ணதும் கியர்லயே நின்னுடும், அது தெரியாம இழுத்தா ஷெட்டுக்கு தான் வரணும். உங்க வண்டில அந்த பயம் இல்ல, ஆனா நியூட்ரல்னு நெனச்சு ஃபர்ஸ்ட் கியர்ல விட்டுட்டு 60-ல இழுத்தீங்கன்னா இன்ஜின் தாங்குற சுத்துக்கு மேல சுத்தி வால்வு பிஸ்டன் எல்லாம் போயிடும். சாவிய ஒரு கட்டம் திருப்பி ஸ்டீயரிங் லாக்கை எடுத்து விடணும், இல்லனா முதல் திருப்பத்துலயே முன் டயர் ரெண்டும் தேய்ஞ்சு இழுபடும். இன்னொன்னு, 800-ல மீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்ல இருந்து போகுது, அதனால இழுத்துட்டு போற 600 கிலோமீட்டரும் அப்பா வண்டி மீட்டர்ல ஏறும்.

எனக்கு பயம் வேற ரெண்டு விஷயத்துல. ஒன்னு, அந்த பிராக்கெட்டை எதுல மாட்டுவாங்க? 800-க்கு லாரி மாதிரி சேஸ் கிடையாது, தகடை மடிச்சு மடிச்சு வெல்டு பண்ண பாடி தான் எல்லாத்தையும் தாங்குது. முன்னாடி ரேடியேட்டருக்கு கீழ ஒரு குறுக்கு மெம்பர் போகுது பாருங்க, அதுல தான் மாட்டணும். நீங்க இருக்குறது திருவொற்றியூர், கடல் காத்து. 1998 வண்டி. நம்ம ஏரியா வண்டிங்க மேல பாத்தா பெயின்ட் பளபளன்னு இருக்கும், கீழ ஸ்க்ரூ டிரைவரை வெச்சு அழுத்துனா உள்ள போயிடும். எண்ணூர் காசிமேடு வண்டி எத்தனை எங்கிட்ட இப்படி வந்திருக்கு தெரியுமா. பட்டறைக்காரர் புதுசா தடியா இரும்பு வெச்சு வெல்டு பண்ணுவாரு, வெல்டு விடாது, அந்த இரும்பு புடிச்சிட்டு இருக்குற தகடு தான் கிழிஞ்சு வரும்.

ரெண்டாவது பிரேக். இதை அனுபவத்துல சொல்றேன். நாலஞ்சு வருஷம் முன்னாடி ஐப்பசி மழையில, எண்ணூர்ல நின்னு போன ஒரு ஆல்டோவை கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்துட்டு வந்தோம், ஆல்டோல ஸ்டீயரிங் புடிச்சு உக்காந்தது நான். இன்ஜின் ஓடாதப்ப, பிரேக் மிதியை லேசாக்குற பூஸ்டர் வேலை செய்யாது, ரெண்டு மூணு மிதி மிதிக்குற வரைக்கும் உள்ள இருக்குற வேக்கம் உதவும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல வழக்கம் போல துறைமுகத்துக்கு போற கன்டெய்னர் லாரிங்க வரிசையா நிக்குது, முன்னாடி வேன் டக்குனு பிரேக் போட்டான், நான் ரெண்டு காலையும் பெடல் மேல வெச்சு சீட்ல இருந்து எழும்பி நின்னு அழுத்துறேன், வண்டி நிக்கவே மாட்டேங்குது, போய் வேனோட பின் படியில மோதி தான் நின்னுச்சு. வேகம் 15 கூட இருக்காது. வீட்டுக்கு போய் சோத்துல கை வெக்குறப்பவும் கால் நடுங்குச்சு. அதுல உக்காந்து மிதிக்க ஒரு ஆளாவது இருந்தேன், நீங்க கேக்குறது ஆளே இல்லாம.

உங்க டிராவலர் தண்ணி கட்டில் எல்லாம் சேத்து 4 டன்னுன்னு வெச்சா, 800 ஒரு 650 கிலோ, அதாவது ஆறுல ஒரு பங்கு எடை கூடுது, அந்த எடைய நிறுத்துறதுக்கு தனியா ஒரு பிரேக்கும் கிடையாது. நேரா போறப்ப தெரியாது. வளைவுல பிரேக் புடிச்சீங்கன்னா பின்னாடி இருக்குற 800 வேனோட பின் பக்கத்தை ஒரு ஓரமா தள்ளும். உள்ள அம்மா கட்டில்ல படுத்திருப்பாங்கன்னு சொன்னீங்களே, அதை படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் இவ்வளவு எழுதிட்டேன். வண்டிய ஒரு நாள் ஷெட்டுக்கு கொண்டு வாங்க, கீழ பாத்து சொல்றேன், காசெல்லாம் வேணாம்.


திருவொற்றியூர் வேன்காரன்:

ரொம்ப நன்றி தம்பி. துருவை பத்தி நான் யோசிக்கவே இல்ல. கீழ ஒரு தடவை அண்டர் கோட்டிங் அடிச்சது அப்பா இருக்குறப்ப. ஞாயித்துக்கிழமை கண்டிப்பா கொண்டு வரேன். ஆனா ஒரு சந்தேகம், இவ்வளவு ஆபத்துன்னா அமெரிக்காவுல மட்டும் எப்படி எல்லாரும் இழுத்துட்டு போறாங்க?


பழைய வண்ணாரப்பேட்டை டு ஹூஸ்டன்:

அண்ணா, நான் பொறந்து வளந்தது மின்ட் பக்கம், இப்ப 11 வருஷமா இங்க ஹூஸ்டன்ல இருக்கேன். என் கூட வேலை பாக்குறவர் ரிடையர் ஆயிட்டு மோட்டார் ஹோம் வாங்கி பின்னாடி ஒரு ஜீப் ரேங்லரை இழுத்துட்டு சுத்துறாரு, ஒரு தடவை கிளம்புறதுக்கு முன்னாடி அவர் அதை மாட்டுறதை முழுசா கூட இருந்து பாத்தேன், வீடியோல பாக்குறதுக்கும் நேர்ல பாக்குறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு.

முதல்ல எந்த காரையும் இப்படி இழுக்க முடியாது. கார் கூட வர ஓனர்ஸ் மேனுவல்லயே இந்த வண்டிய நாலு சக்கரமும் கீழ வெச்சு இழுக்கலாமா கூடாதான்னு தனியா எழுதியிருக்கும், கூடாதுன்னு இருந்தா யாரும் தொட மாட்டாங்க. ரேங்லர்ல டிரான்ஸ்ஃபர் கேஸ்னு ஒன்னு இருக்கு, அதை நியூட்ரல்ல போட்டா சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே அறுந்துடும், அதான் அந்த வண்டி இவங்களுக்கு அவ்வளவு பிடிக்கும். ஹோண்டா சி.ஆர்.வி.ய 2014 மாடல் வரைக்கும் இழுத்தாங்க, அதுக்கே இன்ஜினை ஓட விட்டு டி-ல போட்டு அப்புறம் நியூட்ரல் போட்டு மூணு நிமிஷம் விடணும்னு ஒரு முறை உண்டு, 2015-ல சி.வி.டி வந்ததும் அதுவும் கூடாதுன்னு ஆயிடுச்சு. மேனுவல் கியர் கார் தான் சுலபம், ஆனா அது இங்க கிடைக்குறதே அபூர்வம்.

அப்புறம் அந்த பார். அது பட்டறையில அடிக்குறது இல்ல, எத்தனை எடை தாங்கும்னு டெஸ்ட் பண்ணி அதுலயே போட்டிருப்பாங்க, கார் பக்கம் மாட்டுற பிளேட் அந்தந்த மாடலுக்குன்னே தனியா வரும், பம்பரை கழட்டி பாடி ஃப்ரேம்ல போல்ட் போடுவாங்க. பார் ஏறக்குறைய மட்டமா இருக்கணும், ஒரு பக்கம் நாலு இஞ்சுக்கு மேல தூக்கிக்கிட்டோ இறங்கியோ இருந்தா பிரேக் போடுறப்ப கார் மோட்டார் ஹோமுக்கு கீழ புகுந்துடும்னு சொன்னாரு. பாருக்கு கீழ ரெண்டு செயினை ஒன்னு மேல ஒன்னு குறுக்கா போடுறாங்க, பார் கழண்டாலும் அது ரோட்டுல குத்தாம செயின் மேல தொட்டில் மாதிரி விழறதுக்கு.

முக்கியமானது பிரேக் தான், அந்த ஷெட் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. காரோட டிரைவர் சீட்டுக்கு முன்னாடி ஒரு பெட்டி வெச்சு, அதுல இருந்து வர ஒரு கையை பிரேக் பெடல்ல மாட்டுறாரு, முன்னாடி இவர் பிரேக் மிதிச்சா அந்த கை பெடலை அழுத்தும். அதுக்கு மேல, ஒரு மெல்லிசு கேபிள், ரெண்டு வண்டியும் பிரிஞ்சு போச்சுன்னா கேபிள் ஒரு பின்னை இழுத்துடும், காரோட பிரேக் தானா புடிச்சுக்கும். இங்க பல மாநிலங்கள்ல 3000 பவுண்டுக்கு மேல, அதாவது சுமார் 1360 கிலோவுக்கு மேல இழுத்தா தனி பிரேக் கட்டாயம், பிரிட்டன்ல இப்படி இழுக்குற காரை டிரெய்லராவே கணக்கு வெக்குறாங்க, 750 கிலோவுக்கு மேல போனா பிரேக் வேணும். உங்க 800-ஓட வெறும் எடை அதை விட கம்மி தான், ஆனா அவங்க கணக்கு அவங்க ரோட்டுக்கு. இங்க மாடு குறுக்க வராது, ராங் சைடுல பைக் வராது.

இவ்வளவு பண்ணியும் அவர் 100 மைலுக்கு ஒரு தடவை நிறுத்தி கீழ இறங்கி சக்கரத்து மேல கைய வெச்சு சூடு பாக்குறாரு, பின்னு எல்லாத்தையும் ஒவ்வொன்னா தொட்டு பாக்குறாரு. அதெல்லாம் பாத்தப்புறம் எனக்கு தோணுனது, இவங்க தைரியத்துல பண்ணல, பயந்து பயந்து தான் பண்றாங்க. இங்க இருக்குற முழு செட்டும் நம்ம ஊர்ல கிடைக்காம வெறும் பாரை மட்டும் அடிச்சு மாட்டுறது பாதி மருந்து சாப்புடுற மாதிரி அண்ணா. அம்மாவை கேட்டதா சொல்லுங்க.


தண்டையார்பேட்டை சர்வேயர்:

நான் 20 வருஷமா வாகன இன்சூரன்ஸ் சர்வே வேலையில இருக்கேன். சட்டம் பக்கத்தை நான் சொல்றேன் சார்.

1989 சாலை விதிமுறைகள்ல இதுக்குன்னே ஒரு விதி இருந்துச்சு. பழுதாகி நின்னு போன வண்டி, முழுசா கட்டி முடிக்காத வண்டி, பதிவு பண்ண டிரெய்லர், சைடு கார், இதை தவிர வேற எந்த வண்டியையும் ஒரு மோட்டார் வண்டி இழுக்க கூடாது. இழுக்கலாம்னு சொன்ன வண்டியையும் டெலிவரிக்கோ பக்கத்து கராஜுக்கோ பெட்ரோல் பங்குக்கோ தான் இழுக்கலாம். இழுபடுற வண்டியோட சீட்ல லைசென்ஸ் இருக்குற ஆள் உக்காந்திருக்கணும், இல்லனா ஸ்டீயரிங் சக்கரம் ரோட்டுல படாம தூக்கி கட்டியிருக்கணும். ரெண்டு வண்டிக்கும் நடுவுல 5 மீட்டருக்கு மேல இடைவெளி கூடாது, பின்னாடி வெள்ளை பலகையில 75 மில்லிமீட்டர் உயர கருப்பு எழுத்துல 'ON TOW'ன்னு எழுதி மாட்டணும், வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். 2017-ல இதுக்கு பதிலா புது ஓட்டுநர் ஒழுங்குமுறை வந்துச்சு, அடிப்படை மாறல, நல்லா ஓடுற காரை வசதிக்காக கட்டி இழுக்க அதுலயும் இடம் கிடையாது. 24-ல ராமேஸ்வரம் போகணும்னா 600 கிலோமீட்டருக்கு 25 மணி நேரம், அதுவும் நல்லா ஓடுற வண்டிய இழுத்தா அந்த வேகத்துலயும் தப்பு தான்.

சட்டப்படி ஒரே வழி பதிவு பண்ண டிரெய்லர் மேல காரை ஏத்தி இழுக்குறது. அது ஒப்புதல் வாங்கின டிரெய்லரா இருக்கணும், தனி நம்பர், தனி ஆர்.சி, லைட்டு, பிரேக் எல்லாம் வேணும். 750 கிலோ வரைக்கும் டி1, அதுக்கு மேல 3.5 டன் வரைக்கும் டி2ன்னு வகை பிரிச்சிருக்காங்க, உங்க காரும் டிரெய்லரும் சேந்தா டி2-ல தான் வரும். வேன்ல கொக்கி வெக்குறதுக்கும் ஆர்.டி.ஓ ஒப்புதல் வேணும், மோட்டார் வாகன சட்டம் 52-ம் பிரிவு அதை தான் சொல்லுது. 2017 டிசம்பர்ல புல் பார் கூடாதுன்னு மத்திய அரசு சொன்னதுல இருந்து முன்னாடி இரும்பு நீட்டிக்கிட்டு இருந்தாலே நிறுத்தி கேக்குறாங்க, 800 முன்னாடி பிராக்கெட் வெச்சா அந்த கேள்வியும் வரும்.

அபராதம் கூட பெருசு இல்ல சார். கார் கழண்டு போய் ஒரு பைக்காரர் மேல ஏறுச்சுன்னு வெச்சுக்கோங்க, அந்த ஃபைல் என் டேபிளுக்கு வந்தா, விதியில இல்லாத முறையில இழுத்தீங்கன்னு தான் நான் எழுதியாகணும், வேற எழுத முடியாது. அதுக்கப்புறம் கம்பெனி குடுத்த காசை உங்க கிட்ட திருப்பி கேப்பாங்க. வீடு போயிடும். நான் பயமுறுத்தல, அப்படி போன குடும்பத்து வாசப்படியில நின்னு பேசியிருக்கேன்.


ஈ.சி.ஆர் ரைடர்:

எல்லாரும் ரொம்ப பயமுறுத்துறீங்க. நான் என் ஃப்ரெண்டு ஜீப்பை பாண்டியில இருந்து கயிறு கட்டி கூட்டிட்டு வந்தேன், ராத்திரி 2 மணி, ஒருத்தரும் கேக்கல. ப்ரோ, ராத்திரில போங்க, மெதுவா போங்க, ஒன்னும் ஆகாது.


மணலி டெய்லர் டிரைவர்:

தம்பி நீ போனது ஒரு தபா, ஒன்னும் ஆகல, நல்லதாப் போச்சு. ஆனா அத வெச்சிக்கினு இன்னொருத்தர் அம்மாவ அதுல உக்கார வெக்க சொல்லாத. கயிறுன்றது ராத்திரில கண்ணுக்கே தெரியாதுபா, நடுவுல பூந்து பைக்ல போற பசங்க எத்தினி பேரு தெரியுமா. மீஞ்சூராண்ட நானே கண்ணால பாத்துக்கிறேன், அத பத்தி இங்க எழுத மனசு வரல.

வேன்கார அண்ணே, நான் கன்டெய்னர் ஏத்தற 40 அடி டெய்லர் (டிரெய்லர்) ஓட்டறேன், துறைமுகம் மணலி மாதவரம் இதான் நம்ம ரூட்டு, 18 வருசமா பின்னாடி ஒன்ன இஸ்துக்கினு போறது தான் பொழப்பு. அத்தொட்டு சொல்றேன். பின்னாடி ஒரு வண்டி கீதுன்னா நீ ஓட்டறது ரெண்டு வண்டி, ஆனா பிரேக்கு ஸ்டேரிங்கு எல்லாம் ஒன்னு தான் உன் கையில கீது. எங்க வண்டில பின்னாடி டெய்லருக்கும் ஏர் பைப்பு போவுது, ஒவ்வொரு சக்கரத்துலயும் பிரேக் கீது, பைப்பு புட்டுக்கிச்சுன்னா தானா பிரேக் புடிச்சிக்கும். அப்டி இருந்துமே மழை நாள்ல காலி டெய்லர் சும்மா ஒதுங்கும். உன்னுதுல ஒன்னுமே இல்லாம இன்னா பண்ணுவ?

யாரும் சொல்லாத ஒன்னு சொல்றேன், ரிவர்சு. எங்க டெய்லர ரிவர்சு எடுக்கலாம், அது ஒரு மூட்டுல தான் மடங்கும். நீ சொல்ற பார்ல ரெண்டு மூட்டு கீது, வேனாண்ட ஒன்னு, அப்புறம் காரோட முன் சக்கரமே தனியா திரும்பும். எங்க யார்டுல ஒரு தபா ரிப்பேர் ஆன பிக்கப்ப பார் போட்டு இஸ்துக்கினு வந்தோம், வாசல்ல இடம் பத்தல, ஒரு மூணு அடி தான் பின்னாடி எடுத்தாங்க. பிக்கப்போட முன் சக்கரம் ரெண்டும் சடார்னு ஒரு பக்கமா முழுசா ஒடிச்சிக்கினு போச்சு, பார் வில்லு மாதிரி வளஞ்சு பம்பர்ல ஏறிடுச்சு. மூணே அடி. இப்ப நீ திருவொற்றியூர்ல இருந்து கெளம்பி ஒரு பெட்ரோல் பங்குல தப்பா பூந்துட்டனா, இல்ல டைவர்சன்ல மாட்டிக்கினனா, பின்னாடி எடுக்க முடியாது. நடு ரோட்ல எறங்கி காரை கழட்டி, ஒன்ன ஒரு ஆளு ஓட்டி, ஒன்ன ஒரு ஆளு ஓட்டி, மறுபடியும் மாட்டணும். பின்னாடி கன்டெய்னர் ஆரன் அடிச்சிக்கினு நிப்பான். எப்டியும் ரெண்டாவது டிரைவர் வேணும்ல? அந்த ரெண்டாவது டிரைவர் காரையே ஓட்டிக்கினு வரட்டுமே.

வெளிய போவறதுக்கு ஒரு வழி சொல்றேன், ஊருக்குள்ள பூராம மணலி வழியா மீஞ்சூர் போயி அவுட்டர் ரிங் ரோடு புடிச்சுடு, 62 கிலோமீட்டர், நேரா வண்டலூர்ல எறக்கி வுட்டுடும். வெடிகாலைல 4 மணிக்கு கெளம்பு, எங்க ஆளுங்க வண்டி அப்ப கம்மி. அம்மாவுக்கு குலுங்காது.


காசிமேடு டீச்சர்:

அண்ணா, எனக்கு வண்டிய பத்தி ஒன்னும் தெரியாது, ஆனா அம்மாவை கூட்டிட்டு போறதை பத்தி தெரியும். எங்கப்பாவுக்கு பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் வராம இருந்தப்ப நாலு வருஷம் ஊர் ஊரா கூட்டிட்டு போனேன். கடல்லயே இருந்த மனுஷன், வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்க முடியல அவரால.

நீங்க கோயில் வாசல் வரைக்கும் எப்படி போறதுன்னு யோசிக்குறீங்க, அதுக்கு மேல தான் அண்ணா நெஜமான கஷ்டம். ராமேஸ்வரம் பிரகாரம் எவ்வளவு நீளம்னு உங்களுக்கே தெரியும், 22 தீர்த்தம் ஆடுறதுன்னா தரையெல்லாம் ஈரம், வழுக்கும். அதனால எந்த கார்ல போனாலும் மடக்குற வீல் சேர் ஒன்னு கண்டிப்பா வேன்ல வெச்சுக்கோங்க, கார் டிக்கியில அது புடிக்குதான்னு இப்பவே வெச்சு பாத்துடுங்க, 800 டிக்கி ரொம்ப சின்னது. ஸ்ரீரங்கத்துல பேட்டரி கார் இருக்கு, பழனியில இழுவை ரயில் இருக்கு, அந்த மாதிரி இடங்களை முதல்ல போட்டு அம்மாவுக்கு ஒரு தெம்பு வந்ததும் மத்ததுக்கு போங்க. மதுரையில செல்ஃப் டிரைவ் கார் வாடகைக்கு கிடைக்குது, வேனை மதுரையில விட்டுட்டு ஒரு காரை எடுத்துக்கிட்டு ராமேஸ்வரம் போயிட்டு வரதும் ஒரு வழி, நான் அப்படி தான் பண்ணேன்.

ஒன்னே ஒன்னு கேக்குறேன், இதை அம்மா கிட்ட கேட்டீங்களா? நான் எங்கப்பாவுக்காக என்னென்னமோ ஏற்பாடு பண்ணுவேன், அவரு கடைசியில பாம்பன் பாலத்துல வண்டிய நிறுத்துனா போதும்மா, படகு போறதை பாக்கணும்னாரு. அங்க நிறுத்த விட மாட்டாங்க, நாலு தடவை இந்த பக்கமும் அந்த பக்கமும் மெதுவா போயிட்டு வந்தோம்.


திருவொற்றியூர் வேன்காரன்:

எல்லாரும் இவ்வளவு அக்கறையா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. ஞாயித்துக்கிழமை நடந்ததை சொல்லிடுறேன்.

காலையில 800-ஐ கொருக்குப்பேட்டை ஷெட்டுக்கு எடுத்துட்டு போனேன். தம்பி முன்னாடி ரெண்டு ஜாக்கி குடுத்து தூக்கி, படுத்து உள்ள போனாரு, டார்ச்சை நான் புடிச்சேன். அண்டர் கோட்டிங் கருப்பா நல்லா தான் தெரிஞ்சுது. அந்த குறுக்கு மெம்பர் மேல ஸ்க்ரூ டிரைவரோட பின் பக்கத்தால தட்டுனாரு, இடது பக்கம் டங் டங்னு சத்தம், வலது பக்கம் வந்ததும் பொத் பொத்னு அட்டைய தட்டுற மாதிரி. திருப்பி முனையை வெச்சு கையால தான் அழுத்துனாரு, சுத்தியல் கூட எடுக்கல, கைப்பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. வெளிய இழுத்தப்ப அவர் மூஞ்சி மேல துரு தூள் தூளா கொட்டுச்சு, அப்பளம் உடைஞ்ச மாதிரி. பட்டறைக்காரர் பிராக்கெட் வெக்குறேன்னு சாக்பீஸ்ல குறி போட்டுட்டு போன இடத்துல இருந்து அது ஒரு சாண் தள்ளி இருக்கும், அவ்வளவு தான். நான் அங்கயே உக்காந்துட்டேன். இழுக்குறது அப்புறம், இத்தனை நாளா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அம்மாவை இதுல தானே உக்கார வெச்சு ஓட்டுனேன்.

பார் அடிக்குற எண்ணத்தை விட்டுட்டேன், பட்டறைக்கும் போன் பண்ணி சொல்லிட்டேன். சர்வேயர் சார் சொன்ன டிரெய்லர் வழியும் யோசிச்சேன், அதை நிறுத்துறதுக்கு எங்க சந்துல இடம் கிடையாது, வேனையே மாதவரத்துல தெரிஞ்சவங்க இடத்துல தான் போட்டிருக்கேன்.

டீச்சரம்மா சொன்ன மாதிரி அன்னிக்கு ராத்திரி அம்மா கிட்ட கேட்டேன். முழுசா கேட்டுட்டு, உங்கப்பா வண்டிய ஏன்டா செத்த மாட்டை இழுக்குற மாதிரி இழுத்துட்டு போற, நல்லா தானே ஓடுது, யாராச்சும் ஓட்டிக்கிட்டு வாங்களேன்னாங்க. டெய்லர் அண்ணன் சொன்னதும் அதே தான். அக்கா பையன் லைசென்ஸ் எடுத்து மூணு வருஷம் ஆகுது, மாமா நான் ஓட்டிட்டு வரேன்னு ஒத்துக்கிட்டான். டீசல் போக பெட்ரோல் செலவு கூடும், பரவாயில்ல. நான் முன்னாடி வேன்ல, அவன் பின்னாடி 800-ல, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெண்டு பேரும் நிறுத்தி டீ குடிச்சிட்டு கிளம்புறதுன்னு பேசி வெச்சிருக்கோம். வழி டெய்லர் அண்ணன் சொன்ன மீஞ்சூர் வழி தான். வீல் சேரை டிக்கியில வெச்சு பாத்தேன், மூட முடியல, பின் சீட்டை மடக்குனா போகுது.

தம்பி, அந்த மெம்பரை வெட்டிட்டு புதுசு வெல்டு பண்ணுறதுக்கு எத்தனை நாள் ஆகும்னு சொல்லவே இல்லையே? தைக்குள்ள முடியுமா? அந்த பன்னெண்டு இஞ்ச் டயரும் நாலும் மாத்திடலாம்னு இருக்கேன், எங்க கிடைக்கும்?


கொருக்குப்பேட்டை ஷெட்:

நாலு நாள் போதும் அண்ணே, வெல்டிங் ரெண்டு நாள், அப்புறம் பிரைமர் காயணும். வலது பக்கம் சக்கரத்தை புடிச்சிட்டு இருக்குற ஆர்ம் மாட்டுற இடத்தையும் சேத்து பாத்துடலாம், அங்கயும் சத்தம் சரியில்ல. வியாழக்கிழமை கொண்டு வாங்க, வரப்ப ஓட்டிட்டு வராதீங்க, நான் ரெக்கவரி வண்டி அனுப்புறேன், மேல ஏத்திட்டே வந்துடலாம். டயர் நான் விசாரிச்சு சொல்றேன், பழசை தூக்கி போட்டுடாதீங்க, அதுல நல்லதா ஒன்னை ஸ்டெப்னிக்கு வெச்சுக்கலாம்.